மடக்கை

பேச்சில் லாக், பாடநூலில் மடக்கை. எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் 32 வரும்? ஐந்து. அந்த ஐந்துதான் 2-ஐ அடிமானமாக, அதாவது திரும்பத் திரும்பப் பெருக்கும் எண்ணாகக் கொண்ட 32-இன் மடக்கை. அடுக்கைத் தேடிப் போகும் கணக்கு, அவ்வளவுதான்.

லாகரிதம் என்ற பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். கிரேக்கத்தில் லோகோஸ் என்றால் விகிதம், அரித்மோஸ் என்றால் எண். 1614-இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் இன்று நாம் சொல்லும் அடிமானம் என்ற எண்ணமே கிடையாது. 1-இன் மடக்கை சுழியமும் இல்லை. அடுத்த ஆண்டு ஆங்கிலேயக் கணிதவியலர் ஹென்றி பிரிக்ஸ் எடின்பரோ போய் அவரோடு கலந்து பேசிய பிறகே 10-ஐ அடிப்படையாகக் கொண்ட பொது மடக்கை உருவானது. அடுக்குதான் மடக்கை என்ற இன்றைய விளக்கம் 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலர் ஆய்லர் தந்தது.

தமிழ்ச் சொல் கிரேக்கத்தின் மொழிபெயர்ப்பு அல்ல. இருமடங்கு, மும்மடங்கு என்கிறோமே, அந்த மடங்கின் குடும்பம் இது. வந்த சொல்லே திரும்ப வரும் செய்யுள் அணிக்கும் மடக்கு என்றுதான் பெயர். ஒரே எண் திரும்பத் திரும்பப் பெருகும் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. என்னைக் கேட்டால் மூலத்தைவிட இது தெளிவு.

சரி, கால்குலேட்டருக்கு வருவோம். டிஐ-84 பிளஸ் போன்ற வரைபடக் கணிப்பானில் லாக், எல்என் என இரண்டு விசைகள்தான் இருக்கும். முதலாவது 10 அடிமானம். இரண்டாவது இயல் மடக்கை, அதன் அடிமானம் சுமார் 2.718. அடிமானம் 2 வேண்டுமென்றால்? புதிய மென்பொருள் உள்ள கருவிகளில் மேத் பட்டியலில் லாக்பேஸ் என்று தனியாகவே உண்டு. இல்லாவிட்டாலும் கவலையில்லை, எண்ணின் மடக்கையை அடிமானத்தின் மடக்கையால் வகுத்தால் போதும். 2-ஐ அடிமானமாகக் கொண்ட 50-இன் மடக்கை இப்படி:

லாக்(50) ÷ லாக்(2) = 1.69897 ÷ 0.30103 = 5.6439

எல்என் போட்டாலும் 3.91202 ÷ 0.69315, அதே விடை. இரண்டு மடக்கைகளின் விகிதம் எந்த அடிமானத்திலும் மாறாது. நேப்பியர் வைத்த பெயரில் விகிதம் இருப்பது வேறு காரணத்தால் என்றாலும், இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

கவனம் வேண்டியது அடைப்புக்குறியில். லாக் விசையை அழுத்தியதும் கருவியே ஓர் அடைப்பைத் திறந்துவிடும். 50-க்குப் பின் அதை மூடாமல் வகுத்தல் குறியைப் போட்டால், 50-ஐ லாக் 2-ஆல் வகுத்து, அப்புறம் மொத்தத்துக்கும் மடக்கை எடுத்து 2.2204 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. சந்தேகமென்றால் 2-இன் அடுக்காக விடையைப் போட்டுப் பாருங்கள். 2-இன் அடுக்கு 5.6439 கிட்டத்தட்ட 50 வரவேண்டும், 2.2204 போட்டால் 5-ஐக்கூட எட்டாது.