லைசென்ஸுக்கும் ஒரு நீக்கல் சான்று

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலை என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரா காய் வந்து குவியும் முன் பழைய சர்வரை மாற்றியாக வேண்டும். கொதிகலன் சூட்டைப் பதிவு செய்கிற மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. வைரஸுக்குப் பயந்து அதற்கு இன்டர்நெட்டே கொடுக்கவில்லை. லைசென்ஸோ ஒரே ஒரு சர்வருக்கானது. பழையதிலிருந்து விடுவித்தால்தான் புதியது ஏற்கும்.

பலரும் மென்பொருளை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நெட் இல்லாத சர்வரில் அழித்தது மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். போச்சம்பள்ளியிலிருந்து பாலக்கோட்டுக்குக் கல்யாணமாகிப் போகும் பெண், அங்கே ரேஷன் கார்டில் சேர இங்கே பெயர் நீக்கிய சான்றைக் காட்டுகிறாளே, அதேதான் இங்கும் வேண்டும். ஆனால் சான்று தருகிற தாலுகா ஆபீஸ் இங்கே இல்லை. பழைய சர்வர் தனக்குத் தானே சான்று எழுதிக்கொள்ள வேண்டும். அதை நிறுவனம் நம்பவும் வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கான ஏற்பாடு முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. லைசென்ஸ் கேட்கும்போது மதர்போர்டு எண், வட்டின் எண், நெட்வொர்க் கார்டின் முகவரி எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருள் ஒரு கைரேகை எடுக்கிறது. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் எடுத்தால் 256 பிட் நீளமுள்ள ஒரு எண் வரும். வட்டை மாற்றினால் கைரேகையே வேறு. கூடவே ஒரு ஜோடிச் சாவிகளையும், அதாவது ஒன்றோடொன்று பொருந்துகிற இரண்டு நீண்ட எண்களையும், உருவாக்கலாம். ரகசியச் சாவி சர்வரிலேயே தங்கிவிடும், பொதுச் சாவி நிறுவனத்துக்குப் போகும். ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்தைப் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு அப்படியொரு கையெழுத்தைப் போட முடியாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ இப்படிப்பட்ட முறைதான்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் மென்பொருள் தன் லைசென்ஸைத் தானே செல்லாததாக்கிக் கொள்ளும். அப்புறம்தான் லைசென்ஸ் எண், கைரேகை, ஒரு வரிசை எண் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட சின்னக் கோப்பைத் தரும். மாற்றிச் செய்தால், கோப்பை எடுத்துக்கொண்டு கரண்டைப் பிடுங்கி இரண்டு சர்வரையும் ஓட்டிவிடலாம். நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்! கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போய், நெட் உள்ள வேறொரு கணினியிலிருந்து ஏற்றினால் இடம் காலியாகும். அதையே மறுபடி ஏற்றினால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். வழியில் பென்டிரைவ் தொலைந்தாலும், ஒழுங்காக எழுதிய மென்பொருள் அதே கோப்பைத் திரும்பத் தரும். லைசென்ஸை மட்டும் தராது.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சர்வர் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மென்பொருளாலேயே ஆன கணினியாக இருந்தால், நேற்றைய நிலையை அப்படியே நகலாக (ஸ்னாப்ஷாட்) எடுத்து வைத்து, இன்று லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி நேற்றைக்கே போய்விடலாம். கையெழுத்து இதைத் தடுக்காது, ஏனென்றால் அந்தச் சர்வருக்குத் தான் கையெழுத்துப் போட்டதே நினைவிருக்காது. அதனால்தான் சில நிறுவனங்கள் லைசென்ஸைத் தன்னுள் வைத்திருக்கிற, யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்ற சின்னக் கருவியைத் தருகின்றன. கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் கூட்ட மட்டுமே முடிகிற, குறைக்க முடியாத எண்ணியை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. வேறு சிலர் லைசென்ஸுக்கே காலக்கெடு வைத்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ கெடு வைப்பதுதான் எளிய வழியாகத் தெரிகிறது, ஆலைக்காரருக்கு அது எரிச்சல்தான் என்றாலும்.

வட்டு எரிந்துபோனால் ரகசியச் சாவியும் போச்சு, சான்று எழுத ஆளில்லை. பிறகு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதுதான். ஆகவே கோப்பை ஏற்றி, கணக்கில் இடம் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே பழைய சர்வரை ஃபார்மேட் செய்யுங்கள்.