ஸ்பானிய வினைகள்: அட்டவணையை மூடிவிட்டு அழுத்தத்தைக் கேளுங்கள்

என்னிடம் ஸ்பானிய மொழி படிக்க வருகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் 'பொதேர்' என்ற வினை. 'என்னால் முடியும்' என்பது புவேதோ. 'உன்னால் முடியும்' புவேதேஸ். சரி, 'எங்களால் முடியும்'? புவேதேமோஸ் என்று எழுதிவிடுகிறார்கள். பொதேமோஸ் என்பதே சரி. பாடநூல்கள் வினை அட்டவணையில் உயிர் மாறும் நான்கு கட்டங்களைச் சுற்றி பூட்ஸ் வடிவில் கோடு போட்டுக் காட்டும். அந்தப் படத்தை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன்.

அழுத்தம், அதாவது சொல்லில் ஓங்கி ஒலிக்கும் அசை, எங்கே விழுகிறது என்று கேளுங்கள், போதும். ஸ்பானியத்தின் தாய்மொழியான லத்தீனில் குறிலாக இருந்த ஒகரமும் எகரமும், அழுத்தம் பெற்ற இடத்தில் ஸ்பானியத்தில் 'உவே', 'இயே' என்று விரிந்தன. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்தால் பழைய உயிரே நிற்கும். அர்ஜென்டினாக்காரர்கள் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்பார்கள். அதற்குரிய வினையில் அழுத்தம் கடைசியில் விழும். அதனால் அங்கே புவேதேஸ் இல்லை, பொதேஸ்தான்! பூட்ஸ் படத்தால் இதை விளக்கவே முடியாது. வினைக்கு வெளியிலும் இதே கதை: ஏழு சியேத்தே, எழுபது செத்தேன்தா.

எல்லா எகரமும் இப்படி மாறாது. 'பெர்தேர்' (இழத்தல்) பியேர்தோ ஆகும். 'வெந்தேர்' (விற்றல்) வெந்தோவாகவே இருக்கும். முன்னதில் லத்தீன் எகரம் குறில், பின்னதில் நெடில். ஸ்பானியம் அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது. ஆகவே எந்த வினை மாறும் என்பதை மட்டும் நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

இத்தாலியத்திலும் அழுத்தம் இப்படி வேலை செய்யும்: 'சாகிறேன்' முவோயோ, 'சாகிறோம்' மொரியாமோ. போர்ச்சுகீசியத்தில் இந்த விரிவு நிகழவே இல்லை.

அப்புறம், எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைத் தொட்டுப் பார்த்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1887இல் சாமென்ஹாஃப் வெளியிட்ட அந்த மொழியில் 'என்னால் முடியும்' மி போவாஸ், 'எங்களால் முடியும்' நி போவாஸ். யார் பேசினாலும் வேர் அசையாது. 1951இல் வந்த இன்னொரு செயற்கை மொழியான இன்டர்லிங்குவாவிலும் எல்லோருக்கும் 'போத்தே' ஒன்றுதான். வடிவமைத்த மொழிக்கு அழுத்தம் தேய்த்த நூற்றாண்டுகள் இல்லையே.

நிகழ்காலம் கைவந்த பிறகு, 'தொர்மிர்' (தூங்குதல்) வினையின் இறந்தகாலமான 'துர்மியோ' (தூங்கினான்) உங்களைக் குழப்பும். அழுத்தம் விகுதியில் இருந்தும் ஒகரம் உகரமாகிவிட்டது. அதற்குக் காரணம் அழுத்தமல்ல, பின்னால் வரும் 'இயோ'. பெரும்பாலும் 'இர்' என்று முடியும் வினைகளில்தான் இது நடக்கும். அதைத் தனியாகப் படியுங்கள்.