கூரை சோலார் மானியம்: பணம் கொடுப்பதற்கு முன் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள்

"மாதம் 300 யூனிட் இலவச மின்சாரம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. யாரும் உங்களுக்கு 300 யூனிட் தரப்போவதில்லை. உங்கள் மாடியில், பெரும்பாலும் உங்கள் காசில் நீங்கள் போடும் பேனல்தான் அதைத் தயாரிக்கப்போகிறது. மத்திய அரசு செலவில் ஒரு பங்கைத் தரும். அதையும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தரும். முதலில் முழுப் பணத்தையும் நீங்கள் புரட்ட வேண்டும்.

திட்டத்தின் பெயர் பிரதமர் சூர்யகர். 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள். 2026-27 நிதியாண்டுக்குள் 1 கோடி வீடுகள் என்பது இலக்கு. 1 கிலோவாட் போட்டால் மானியம் 30,000 ரூபாய், 2 போட்டால் 60,000, 3 போட்டால் 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். பின்னணி இவ்வளவு போதும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் நம் ஆட்கள் இருக்கிற ஊர்களில் இந்தப் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதுதான் இனி விஷயம்.

பில்லில் இருக்கும் பெயர்

"பில்லு எங்க வீட்டுக்காரர் பேர்லதான் வருது. அவரு போயி ரொம்ப வருசமாச்சு. பணம் கட்டுறது நாங்கதானே, என்னங்கண்ணு தப்பு?" என்று ஓர் அம்மா கேட்டார். பில் கட்டுகிற வரை ஒரு தப்பும் இல்லை. மானியம் என்று வரும்போது எல்லாம் தப்பாகிவிடும். கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில்லில் இருக்கும் பெயரில்தான் விண்ணப்பம் போகும். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். இறந்தவர் பெயரில் வங்கிக் கணக்கு ஏது? பேனல் மாட்டி, மீட்டர் வைத்து, கடைசிப் படியில் கணக்கு எண்ணைக் கேட்கும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. மாட்ட வந்த கம்பெனிக்காரர் அதற்குள் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

அதனால் சோலார் பற்றி யாரிடமும் விலை கேட்பதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். உங்கள் செக்‌ஷன் ஆபீஸில் (மின்வாரியத்தின் உள்ளூர் அலுவலகம்) விண்ணப்பிக்க வேண்டும். வீடு உங்களுடையது என்பதற்குப் பஞ்சாயத்தின் உடைமைச் சான்று, நிலவரி ரசீது, ஆதாரம் என்று கேட்பார்கள். ஊர்ப்பக்கம் பத்திரத்தைத்தான் ஆதாரம் என்போம், ஆதார் கார்டு வேறு, இரண்டையும் கொண்டுபோங்கள். பாகம் பிரிக்காத வீடு என்றால் வாரிசுகள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிவரும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் வேலை இங்கேயே நின்றுபோகிறது. அதற்கு அரசாங்கத்திடம் மருந்து இல்லை.

பெயர் ஒன்றாக இருந்தாலும் எழுத்தைப் பாருங்கள். பில்லில் "பழனிச்சாமி கே", வங்கியில் "கே பழனிசாமி", ஆதாரில் "பழனிஸ்வாமி". மூன்றும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மலையாளத்தில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரியும் எழுதப்பட்ட நம் பெயர்களுக்கு இது எப்போதும் இருக்கிற தொல்லை. வங்கியிலும் செக்‌ஷன் ஆபீஸிலும் முன்கூட்டியே ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மகன் பஹ்ரைனிலோ கத்தாரிலோ இருப்பான், வீடும் பில்லும் அவன் பெயரில் இருக்கும், இங்கே அப்பா அம்மா மட்டும். ஓ.டி.பி. வரவேண்டிய இந்திய நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துக் கிடக்கும். அவன் லீவில் வந்திருக்கும்போதே நம்பரையும் வங்கிக் கணக்கையும் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். அவன் விமானம் ஏறிய பிறகு ஆரம்பித்தால் அடுத்த லீவு வரை காத்திருக்க நேரலாம்.

யாருக்குக் கிடைக்காது

வீட்டு இணைப்புக்கு மட்டும்தான் மானியம். பில்லில் "எல்.டி. 1ஏ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு முன்னறையில் மளிகைக் கடை வைத்து அதற்காக "எல்.டி. 7ஏ" ஆக மாற்றப்பட்டிருந்தால் அந்த இணைப்புக்குக் கிடைக்காது. குடியிருப்பு பாகத்துக்குத் தனி இணைப்பு இருந்தால் அதில் விண்ணப்பிக்கலாம். முன்பு மாநிலத்தின் சௌரா திட்டத்திலோ வேறு எதிலோ மானியத்தோடு பேனல் போட்டிருந்தாலும் மறுபடி கிடையாது.

ஓட்டு வீடு என்றால் யோசியுங்கள். 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். ஓட்டின் மேல் மாட்டவும் வழி உண்டு. ஆனால் பழைய பனஞ்சட்டம் எடையைத் தாங்குமா என்பதை விற்கிறவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தென்னை நிழலையும் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியில் நின்று பாருங்கள். விற்க வருகிறவர் உச்சி வெயிலில்தான் வருவார்.

இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது: மூணாறு, வண்டிப்பெரியார் பக்கம் லயங்களில், அதாவது தோட்டக் கம்பெனியின் வரிசை வீடுகளில், இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் கூரை கம்பெனியுடையது. சொந்த வீடு இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை என்பதால் அவர்கள் வாசலிலேயே வெளியே நிற்கிறார்கள். "ஒவ்வொரு வீட்டுக்கும் சூரிய ஒளி" என்று பேசுகிறவர்கள் லயத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. அங்கே யாராவது "மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று வந்தால் கொடுக்காதீர்கள்.

எத்தனை கிலோவாட்

1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், மாதம் 120 என்று வையுங்கள். மழைக்காலத்தில் குறையும். பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கம் கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு என்பது நமக்கு லாபம். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, எனவே அதில் இருக்கும் யூனிட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். மாதம் 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். விற்பனைக்காரர் 5 என்பார். அவருக்கு 5 லாபம், உங்களுக்கு மானியம் 78,000க்கு மேல் ஒரு பைசா ஏறாது.

கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம் விழும். ஏசி ஓடும் வீடுகள் ஏப்ரலில் அலறுவது இதனால்தான். அந்த வீடுகளுக்குத்தான் சோலார் உண்மையில் பெரிய மிச்சம். மாதம் 80 யூனிட் ஓடும் வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொள்ளாச்சியில் இருக்கும் மாமன் வீட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், கட்டணமும் வேறு, விதியும் வேறு.

பில் பூஜ்யமாகும் என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நிலைக்கட்டணம் வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம், யாரும் சொல்லாமல் விடும் ஒன்று. கரண்ட் போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும். நல்ல வெயிலில் பேனல் மாடியில் பளபளவென்று இருக்கும், கீழே ஃபேன் ஓடாது. லைன்மேன் கம்பத்தில் வேலை செய்யும்போது உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது, கோளாறு இல்லை. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் கிடையாது.

விற்பவரிடம்

பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். வியாபாரத்தில் இதை டி.சி.ஆர். பேனல் என்பார்கள். வெளிநாட்டுச் செல்லை வாங்கி இங்கே ஒட்டியது விலை குறைவு, அதைத்தான் முதலில் காட்டுவார்கள். கொட்டேஷனில் "டி.சி.ஆர்." என்று எழுதி வாங்குங்கள். பேனல் மாடிக்கு ஏறும் முன் ஒவ்வொன்றின் பின்பக்க ஸ்டிக்கரையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். மாட்டிய பிறகு அங்கே கை போகாது.

பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர், பேனல் இரண்டில் எது சிறியதோ அதுதான் மானியக் கணக்குக்கு எடுக்கப்படும். 3 கிலோவாட் இன்வெர்ட்டரோடு 2.7 கிலோவாட் பேனல் போட்டால் உங்களுக்கு 72,600தான், 78,000 இல்லை. "மூணு கிலோவாட் சார்" என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டுப் பேனல் எண்ணிக்கையை அதன் வாட்டால் பெருக்கிப் பாருங்கள்.

எல்லைப்பக்கம் கோயம்புத்தூர், பொள்ளாச்சிக் கம்பெனிகள் தமிழில் பேசி விற்க வருவது சகஜம். பேச்சு இனிமையாக இருக்கும். இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் (போர்ட்டல்) கேரளத்துக்கான பட்டியலில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு டீ கொடுங்கள். பட்டியலில் இல்லாதவர் மாட்டினால் மானியம் போச்சு. பட்டியலில் இருப்பவர் 5 வருடம் பராமரிக்கவும் கடமைப்பட்டவர், அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

"மானியம் போக இவ்வளவு" என்று ஒரு விலையும், கையெழுத்துப் போடும் நேரத்தில் வேறு விலையும் சொல்வார்கள். மானியம் அவருக்கு வராது, உங்கள் கணக்குக்குத்தான் வரும். அதனால் கழித்துக் காட்டும் விலையைத் தள்ளிவிட்டு, கையிலிருந்து எவ்வளவு போகும் என்று மட்டும் கேளுங்கள்.

போர்ட்டலில் பதிவு செய்வது உங்கள் மொபைல் நம்பரில் இருக்க வேண்டும். அக்‌ஷயா இ-சேவை சென்டரில் இருப்பவரோ கம்பெனிப் பையனோ அவசரத்துக்குத் தன் நம்பரைக் கொடுத்துவிடுவார். பையன் வேலையை விட்டுப் போனால் உங்கள் விண்ணப்பமும் அவனோடு போகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மீதிப் பணத்துக்குத் தகராறு வந்ததும் கம்பெனிக்காரர் ஓ.டி.பி. தர மறுத்துவிட்டார்.

கடன் வேண்டுமென்றால் 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் வங்கிகள் தரும். பத்திரம் கேட்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். "சூர்யகர் கடனுக்கு ஈடு வேண்டாமே" என்று மெதுவாகச் சொல்லுங்கள், அப்படியும் கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

செக்‌ஷன் ஆபீஸில்

"டிரான்ஸ்பார்மரில் இடமில்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த திருத்தப்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வே வேண்டாம், விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே பொருள். 5 கிலோவாட் வரை லைனையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்த வேண்டியிருந்தால் செலவு மின்நிறுவனத்துடையது, உங்களுடையது அல்ல. மாட்டி முடித்த பிறகு இணைப்புக் கொடுக்கும் கெடுவும் 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது சண்டை போடும் குரல் வேண்டாம். கவுண்டரில் இருப்பவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்.

அதிகம் இழுப்பது நெட் மீட்டரில்தான், அதாவது வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் கணக்கிடும் மீட்டரில். "ஸ்டாக் இல்ல, அடுத்த ஆழ்ச்ச வரூ" என்பார்கள், அடுத்த வாரமும் அதையே சொல்வார்கள். நெட் மீட்டர் வைத்துச் சோதனை முடிந்து போர்ட்டலில் ஏறினால்தான் மானியத்துக்கான கடைசி மனுவைப் போட முடியும். அதிலிருந்துதான் மானியம் வந்து சேர வேண்டிய 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கும், நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. எனவே கம்பெனிக்குக் கொடுக்கும் கடைசித் தவணையை மீட்டர் வைக்கும் நாள் வரை நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் உங்களுக்குப் பதிலாக அவர் செக்‌ஷன் ஆபீஸுக்கு நடப்பார்.

வாய்மொழிப் பதிலில் திரும்பி வராதீர்கள். ஒரு தாளில் கன்ஸ்யூமர் எண், விண்ணப்ப எண், எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று எழுதி, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். குறை சொல்லி அரசு அதிகாரிக்கு எழுதும் மனுவை நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தர அரசியலமைப்பின் 350வது பிரிவு உரிமை தருகிறது. "மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா" என்றால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். போர்ட்டல் சிக்கலுக்கு 15555, கே.எஸ்.இ.பி. சிக்கலுக்கு 1912. போனில் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் கே.எஸ்.இ.பி.யின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மேல்முறையீட்டைக் கேட்கும் மின்சார ஓம்புட்ஸ்மேன். இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை, சீல் போட்ட அந்த நகல்தான் தேவை.