பரோல் – சிறை விடுப்பு

'ஆயுள் கைதி பரோலில் விடுதலை' என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுகின்றன. அதே கைதி மாதக் கடைசியில் சிறைக்குத் திரும்புவது உள்பக்கத்தில் நாலு வரி. படித்தவர் மனத்தில் தங்குவது 'விடுதலை' மட்டும்தான். 'கொலை செய்தவனை விட்டுவிட்டார்களே' என்ற பேச்சு அங்கிருந்து கிளம்புகிறது.

பிரெஞ்சு மொழியில் பரோல் என்றால் சொல், வாக்கு. உவமை என்று பொருள்படும் 'பரபொலே' என்ற கிரேக்கச் சொல், லத்தீன் வழியாகத் தேய்ந்து இப்படி ஆனது. போரில் பிடிபட்டவர் 'இனி ஆயுதம் எடுக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அந்த வாக்குதான் பரோல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் 1862இல் செய்த கைதிப் பரிமாற்ற உடன்பாட்டிலும் இது உண்டு. சிறைக் கைதிகளுக்கு அங்கே இது முறையாக வேரூன்றியது நியூயார்க்கின் எல்மைரா சீர்திருத்தச் சிறையில், 1870களில்.

அமெரிக்கப் பொருளும் நம் பொருளும் வேறு. அங்கே பரோல் பெற்றவர் மிச்சத் தண்டனையை வெளியில், கண்காணிப்பில் கழிக்கிறார்; நிபந்தனையை மீறாதவரை திரும்ப வேண்டியதில்லை. இங்கே குறித்த நாளில் திரும்பியே ஆகவேண்டும். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போது 'நிபந்தனை விடுதலை' என்றும், இந்தியச் செய்தியில் 'சிறை விடுப்பு' என்றும் எழுதினால் குழப்பம் தீரும்.

தமிழ்நாட்டில் இதற்கான 1982ஆம் ஆண்டு விதிகளின் பெயரே 'தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்'. அதில் இருப்பவை அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு. சிறைக்குள்ளும் 'லீவு' என்றுதான் பேச்சு. நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. சாதாரண விடுப்புக்கு மூன்று ஆண்டு சிறையில் கழித்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 21 நாள் முதல் ஒரு மாதம் வரை. அடுத்தது, திரும்பி வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைப் பழுதுபார்ப்பது, பாகப்பிரிவினை, விவசாய வேலை எல்லாம் விதியே ஒப்புக்கொள்ளும் காரணங்கள்.

மனு போனதும் நன்னடத்தை அலுவலரும் உள்ளூர்க் காவல் நிலையமும் அறிக்கை தர வேண்டும். இடறுவது பெரும்பாலும் இங்கேதான். 'சென்றால் சட்டம் ஒழுங்கு கெடும்' என்று காவல் அறிக்கையில் ஒரே வரி இருக்கும். ஏன் கெடும் என்பது இருக்காது. தாயோ மனைவியோ உயர் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்குவதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். கிடைத்தாலும் வழிக்காவலுடனா (காவலர்கள் கூடவே வருவது), வழிக்காவல் இல்லாமலா என்பது அடுத்த கேள்வி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதான பேரறிவாளனுக்கு முதல் விடுப்பு கிடைத்தது 2017 ஆகஸ்டில், நோயுற்ற தந்தையைப் பார்க்க.

விடுப்பு உரிமை அல்ல, சலுகை என்பது சட்டநிலை. அந்தச் 'சலுகை'க்கு விலை உண்டு. விடுப்பில் இருந்த நாள்கள் தண்டனைக் கணக்கில் சேராது. கோவா கைதிகள் வழக்கில், ஆயுள் கைதியின் முன்கூட்டிய விடுதலைக்கு வேண்டிய 14 ஆண்டைக் கணக்கிடும்போது பரோல் நாள்களைக் கழித்துவிட வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனை என்பது சுதந்திரத்தைப் பறிப்பது. அப்பன் சாவுக்குப் போகாமல் தடுப்பதும் அதில் சேர்த்தியா? சேர்த்தி இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் இந்த விதியே எழுதப்பட்டது. அப்படியிருக்க, காரணம் சொல்லாத மறுப்பு நீதிமன்றம் விதிக்காத கூடுதல் தண்டனை.

மகாராஷ்டிரம், குஜராத்தில் 'ஃபர்லோ' என்று இன்னொன்று உண்டு. டச்சு மொழியின் 'வெர்லோஃப்'தான் மூலம். அதற்கும் பொருள் விடுப்பே. நீண்ட தண்டனையின் நடுவே, குறிப்பிட்ட காரணம் கேட்காமல் தருவது. அந்த நாள்கள் தண்டனைக் கணக்கில் சேரும். இதைப் 'பருவ விடுப்பு' என்று பிரித்து எழுதலாம்.

'விசாரணைக் கைதிக்குப் பரோல்' என்று எழுதுவது பெரும்பாலும் பிழை. தண்டனையே விதிக்காதபோது எதை நிறுத்திவைப்பது? அவருக்கு வழக்கமாகக் கிடைப்பது இடைக்காலப் பிணை. விடுப்பு, விடுதலை இரண்டுக்கும் வேர் 'விடு' ஒன்றுதான்; ஆனால் தலைப்பில் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைக்க முடியாது. 'ஆயுள் கைதிக்கு ஒரு மாத விடுப்பு' என்றால் இடமும் மிச்சம்.