முந்நூறு வருடத் தாள் வளைகிறது, அறுபது வருடத் தாள் ஒடிகிறது

பழைய புத்தகம் சேர்க்கத் தொடங்குகிறவர்களை முதலில் குழப்புவது இதுதான். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான காலத்துத் தாள், ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால், இன்றும் வளைந்து கொடுக்கும். 1960களில் வந்த மலிவுப் பதிப்பு நாவலோ ஓரத்தைத் தொட்டாலே ஒடிகிறது. பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒரு கட்டைப் பிரித்தால், கையில் ஒட்டும் பழுப்புத் தூள் இப்படி ஒடிந்த தாள்தான்.

வயது இதற்குக் காரணம் இல்லை. தாள் எதனால் ஆனது என்பதுதான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியத் தாள் கந்தல் துணியிலிருந்து வந்தது. பருத்தியும் லினனும் கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ், அதாவது செடிகளின் நார்ப்பொருள். படிக்கிறவர்கள் பெருகியபோது கந்தல் போதவில்லை. 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி பிறந்தது. மரத்தில் அதன் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளும் சேர்ந்தே வரும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும்.

ஆனால் நிறம் வேறு, வலு வேறு. லிக்னின் நீக்கிய வெள்ளைத் தாளும் ஒடியும். அதற்குக் காரணம், மை ஊறிப் பரவாமல் இருக்கக் கூழில் கலந்த பொருள். மரப்பிசினையும் படிகாரத்தையும் சேர்க்கும் அந்த முறையை 1807இல் இல்லிக் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். பின்னாளில் படிகாரத்துக்குப் பதில் அலுமினியம் சல்பேட் வந்தது. அது ஈரத்தோடு சேர்ந்து தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கும்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகளைப் பூச்சரம் மாதிரி நீளமாகக் கோத்தது. நல்ல தாளில் ஒரு சரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள் இருக்கும். அமிலமும் நீரும் சேர்ந்து இரண்டு அலகுகளுக்கு நடுவே வெட்டுகின்றன. நடுவில் விழும் ஒரே வெட்டு சரத்தைப் பாதியாக்கிவிடும். இதில் நீர் செலவாகிறது, அமிலம் செலவாவதில்லை. அடுத்த வெட்டுக்கு அது அப்படியே தயாராக நிற்கிறது. போதாததற்குத் தாள் சிதையும்போது, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் போன்ற புது அமிலங்களும் உண்டாகின்றன. அதனால்தான் பல வருடம் நன்றாக இருந்த புத்தகம் திடீரென்று நொறுங்குவதுபோல் தெரிகிறது. சராசரிச் சரம் 200, 300 அலகுக்கு இறங்கிவிட்டால் தாளை மடிக்கவே முடியாது.

சரி, நம் பினாங்குக்கு வருவோம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. குளிரூட்டிய நூலகத்தில் 18 டிகிரி என்றால், நம் வீட்டு அலமாரியில் 28. ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. வெட்டுவதற்கு வேண்டிய நீரைத் தாள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில், வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட அலமாரியின் பின்வரிசைப் புத்தகங்களில் முதலில் பூசணம் பிடிப்பது இதனால்தான்.

அமிலம் இடம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என்னிடம் உள்ள ஒரு தேவாரப் பதிப்பில், யாரோ ஒருவர் தமிழ் நேசனிலிருந்து வெட்டிய செய்தித் துண்டை உள்ளே வைத்திருந்தார். துண்டை எடுத்ததும் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் அதே அளவில் பழுப்புக் கட்டம். கத்தரிக்கோல் வழுக்கிக் கோணலாக வெட்டிய மூலைகூட அப்படியே பதிந்திருக்கிறது. செய்தித்தாளின் அமிலம் பக்கத்துத் தாளில் இறங்கிய தடம் அது. துண்டை எறியவும் மனமில்லை. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது. எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு தனி உறையில் வைத்துவிட்டேன்.

விழா மலர் போன்ற மெல்லிய ஏடுகளில் ஆணியாக அடித்திருக்கும் ஸ்டேப்பிள் கம்பி இன்னொரு எதிரி. கடற்காற்றில் அது துருப்பிடிக்கும். துருவிலுள்ள இரும்பு செல்லுலோஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதை முடுக்கிவிடும். கம்பியைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்து, கடைசியில் அந்த இடம் மட்டும் ஓட்டையாகும்.

பழைய புத்தகத்தைத் திறந்தவுடன் முகர்ந்து பார்க்காத சேகரிப்பாளர் உண்டா? அந்த வாசனையும் இதே சிதைவிலிருந்து வருவதுதான். லிக்னின் உடைந்தால் வெனிலாவின் இனிய மணம் தரும் வனிலின். செல்லுலோஸ் பக்கமிருந்து ஃபர்ஃபியூரல் என்ற வாசனைப் பொருள். கூடவே புளிப்பு வாடை தரும் அசெட்டிக் அமிலம். லண்டனில் ஸ்ட்ர்லிச் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009இல் இந்த ஆவிகளை அளந்து, பக்கத்தைக் கிள்ளாமலே தாளின் நிலையைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். இனிப்பை விடப் புளிப்பு தூக்கலாக அடிக்கும் புத்தகத்தை நான் சற்றுத் தள்ளியே அடுக்குகிறேன்.

பூச்சிக்கு மருந்து தேட வேண்டாம், குளிர் போதும். வண்டுப் புழு துளைத்த புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி பெட்டியில் ஒரு வாரமாவது வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டால் நீர் பைக்கு வெளியே கோக்கும், தாளில் படாது. பூஞ்சைக்கு வெயிலில் காயவைப்பது நம் வீடுகளில் பழக்கம். அது தாளைப் பழுப்பாக்கும். நிழலும் மின்விசிறியும் நல்லது. பகலில் ஏர்கான் போட்டு இரவில் அணைப்பதும் வேண்டாம். குளிர்ந்த புத்தகத்தின் மேல் ஈரக் காற்று படியும். ஒரே நிலையில் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் கருவியே மேல்.

கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். தேவைப்பட்டால் ஈரம் தொட்டுப் பிரித்துவிடலாம்.

தோல் கட்டிய லண்டன் பதிப்புகளை எல்லோரும் தேடுகிறார்கள். அவற்றின் பல பிரதிகள் உலக நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. எனக்கு அரியவை வேறு: தோட்டப் பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், தொழிற்சங்கச் சிற்றேடு, 1966 கோலாலம்பூர் உலகத் தமிழ் மாநாட்டுக் காலத்து அழைப்பிதழ். சில நூறு பிரதிகள் அடித்திருப்பார்கள், அதுவும் மலிவுத் தாளில். வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றியிருக்காது. ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தாலும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் துருப்பிடித்த கம்பியை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தையுங்கள். அப்புறம் அட்டை முதல் அச்சகத்தின் பெயர் இருக்கும் கடைசிப் பக்கம் வரை படம் எடுங்கள். அந்த ஒரு வரி ஒடிந்துவிட்டால், எந்த ஊரில், எந்த வருடம் அச்சானது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வேறு வழியே இருக்காது.