சோடாப் போத்தலில் மருந்து ஊற்றாதீர்கள்

போன கிழமை இரவு பத்து மணிபோல ஒருவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வயல் வாடியில் கிடந்த சோடாப் போத்தலை இருட்டில் எடுத்து, தண்ணீர் என்று நினைத்து இரண்டு மிடறு குடித்துவிட்டார். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. கூட வந்த மகனிடம் கேட்டேன்.

"என்ன குடிச்சவர் தம்பி?"

"மருந்து, டொக்டர்."

"என்ன மருந்து?"

"நெல்லுக்கு அடிக்கிறது. பேர் தெரியேல்ல. அப்பாதான் வாங்கினவர். மணந்து பாருங்கோ, விளங்கும்."

வீட்டுக்கு அழைப்பு எடுத்தோம். கடையில் வாங்கிய கானை முதல் நாள்தான் குப்பையோடு போட்டு எரித்துவிட்டார்களாம். ஆறு நாள் கழித்து அவர் நடந்து வீடு போனார். இந்தக் காலபோகத்தில் இப்படி வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள். மூவருமே லேபிள் இல்லாத போத்தலோடு வந்தவர்கள்.

அந்த "மணந்து பாருங்கோ" என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும். இருபது போகம் மருந்தடித்த அண்ணைமாரும் இதையே சொல்கிறார்கள். பல பூச்சிநாசினிகளை ஒரே வகையான பெற்றோலியக் கரைப்பானில் கரைத்துத்தான் அடைக்கிறார்கள். உங்கள் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அந்தக் கரைப்பானின் நெடி. உள்ளே நஞ்சு மாறினாலும் நெடி மாறாது. ஓகனோபொஸ்பேற்று என்ற பூச்சிநாசினி வகை என்றால் நான் அற்றோப்பீன் என்ற முறிமருந்தைக் கைநிறைய ஏற்ற வேண்டும். பைரெத்ரொயிட் என்ற மற்றப் பூச்சிநாசினி வகை என்றால் அதே அளவு அற்றோப்பீன் நோயாளியைக் கெடுக்கும். எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினிக்கு முறிமருந்தே கிடையாது, வேறு வழியில் போக வேண்டும். இங்கே தடைசெய்யப்பட்டுவிட்ட பரகுவாட்டு என்ற களைநாசினி இன்னும் மோசம்: மூச்சு வாங்குகிறதே என்று ஒட்சிசனைத் தேவைக்கு முந்திக் கொடுத்தால் நுரையீரல் மேலும் பழுதாகும். இவ்வளவையும் மூக்கை வைத்துத் தீர்மானிக்கச் சொல்கிறீர்கள். நுரையையும் கண்மணியையும் பார்த்து ஊகிக்கத்தான் செய்கிறோம். ஊகிப்பதற்குள் நேரம் போய்விடும், களைநாசினி குடித்தவரிடம் அந்த அடையாளங்களும் பெரும்பாலும் இராது.

நாங்கள் அதை "மருந்து" என்று அழைப்பதிலேயே பிழை தொடங்குகிறது என்று எனக்குப் படும். மருந்துப் போத்தலுக்குக் காட்டும் கவனத்தைக்கூட அதற்கு யாரும் காட்டுவதில்லை.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகாத நஞ்சை விற்க முடியாது. லேபிளில் மூன்று மொழியிலும் விபரம் இருக்க வேண்டும்: செயற்படு பொருளின் (உள்ளே உள்ள நஞ்சின்) பெயர், செறிவு, முதலுதவி, காலாவதித் திகதி. தமிழில் எழுதித் தந்திருக்கிறார்கள் ஐயா, வாசியுங்கள். கடைக்காரர் கால் லீற்றரைச் சாராயப் போத்தலில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

லேபிளின் அடியில் நஞ்சின் வகுப்பைக் காட்டும் வர்ணப் பட்டியைப் பார்த்து, "பச்சைதானே, ஒன்றும் செய்யாது" என்பவர்களுக்கு ஒரு சொல். பரகுவாட்டு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், நடுத்தர அபாயம் என்னும் இரண்டாம் வகுப்பில்தான் இருந்தது. ஒரு மிடறு ஆளைக் கொன்றது. பட்டி, வகுப்பைத்தான் சொல்லும். குடித்தால் தப்பலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

வயலுக்கு வெளியிலும் இதே கதைதான். கரையோரத்து ஐஸ் வாடி ஒன்றில் அமோனியா கண்ணில் பட்டு ஒரு பெடியன் வந்தான். இரசாயனங்களுக்கென்று பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. இரசாயன அபாயங்களை எல்லா நாட்டிலும் ஒரேமாதிரிக் குறிக்க ஐ.நா. 2003இல் வெளியிட்ட உலக ஒத்திசைவு முறைப்படி அதில் பதினாறு பிரிவுகள். நான்காவது முதலுதவி. அந்த வாடியிலும் தாள் இருந்தது, அலுவலக அலுமாரிக்குள், ஆங்கிலத்தில். சாவி முகாமையாளரோடு வவுனியாவுக்குப் போயிருந்தது. உடனே பதினைந்து நிமிடம் தண்ணீரில் கண்ணைக் கழுவ வேண்டும் என்று அங்கு ஒருவருக்கும் தெரியவில்லை. பரந்தனில் ஒரு காலம் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த மண் இது. இரசாயனம் எங்களுக்குப் புதிதல்ல. முதலாளிமாரே, அந்த நான்காம் பிரிவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வேலை செய்யும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பின்னேர வேலைதான்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணி பருக்காதீர்கள், விரலை விட்டுச் சத்தியெடுக்க வைக்காதீர்கள். கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். மேலில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். போத்தலைப் பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையத்தை நாங்கள் கேட்டாலும், அவர்களும் முதலில் கேட்பது பெயரைத்தான்.

தாய்மாரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் ஒரு கெஞ்சல். அடுத்த முறை அப்பா கமத்துக்கு மருந்து வாங்கி வந்தால், முத்திரை உடைக்க முதல் லேபிளின் எல்லாப் பக்கத்தையும் உங்கள் போனில் படமெடுத்து வையுங்கள். கான் எரிந்தாலும் அந்தப் படம் உங்களிடம் இருக்கும். இரவு பத்து மணிக்கு அதை என்னிடம் நீட்டுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.