இயர்போனின் ஒலித்தரத்தில் காதின் பங்கு

இரண்டு இயர்போன்களை மாற்றி மாற்றிக் காதில் செருகிக் கேட்டுவிட்டு, ஒன்றில் பேஸ் (ஆழ்ந்த, தாழ்ந்த ஒலி) அதிகம், மற்றொன்றில் குரல் தெளிவு என்று சொல்லிவிடுவது எளிது. அந்தத் தீர்ப்பில் கருவியின் பங்கு எவ்வளவு, கேட்டவருடைய காதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். செவிக்குழாய்க்குள் செருகும் இயர்போன் தனித்து ஒலிப்பதில்லை. அதன் ரப்பர் முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்டிருக்கும் சிறிதளவு காற்றும் அந்தக் கருவியின் ஒரு பகுதியாகவே வேலை செய்கிறது.

பேஸ் முழுவதும் இந்த அடைப்பை நம்பியே இருக்கிறது. ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலமே உள்ள சவ்வு திறந்த வெளியில் ஆழ்ந்த ஒலி எதையும் எழுப்ப முடியாது. ஆனால் காற்று வெளியேற வழியில்லாத சின்னஞ்சிறு இடத்தில், அதன் மிகச் சிறிய அசைவே செவிப்பறை உணரும் அளவுக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துவிடும். முனையின் ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருந்தால், மெதுவாக மாறும் அழுத்தத்துக்கு அதன் வழியே கசிந்துவிட நேரம் கிடைக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் ஒலிக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. இதை மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை வைத்தே சோதிக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது இயர்போனைச் சற்றே வெளியே இழுத்தால், இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்காரம் வடிந்துபோய், வலப்பக்கத் தோலான வலந்தலையின் சொற்கள் மட்டும் துல்லியமாக நிற்கும். பெட்டியில் மூன்று அளவு முனைகளைத் தருவது இதற்காகத்தான். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதுமில்லை.

உயர் அதிர்வெண்களில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாய், ஒரு முனை திறந்தும் மறுமுனை செவிப்பறையால் மூடியும் இருப்பதால், 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வுகள்) அருகே ஒத்ததிர்வு கொண்டு, அதாவது தனக்கு இசைந்த அதிர்வை வலுப்படுத்தி, அந்தப் பகுதி ஒலியை 10 டெசிபலுக்கும் மேல் உயர்த்துகிறது. பிறந்தது முதல் இந்த உயர்வோடுதான் உலகைக் கேட்டு வருகிறோம். இயர்போனைச் செருகியதும் குழாய் இருபுறமும் மூடிவிடுகிறது, பழைய ஒத்ததிர்வும் போய்விடுகிறது. இழந்த அந்த உயர்வை இயர்போனே ஈடுசெய்ய வேண்டியிருப்பதால், எல்லா அதிர்வெண்களையும் சமமாகத் தரும் இயர்போன் மங்கலாகத்தான் கேட்கும்.

அதே சமயம் முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே புதிய ஒத்ததிர்வு ஒன்று பிறக்கிறது. இடைவெளி 20 மில்லிமீட்டராக இருந்தால் அது 8,500 ஹெர்ட்ஸ் அருகிலும், 15 மில்லிமீட்டராக இருந்தால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் அமையும். பாடகர் உச்சரிக்கும் 'ஸ' ஒலியின் சீறல் ஏறக்குறைய இந்த எல்லையை ஒட்டியே இருப்பதால், ஒருவருக்குக் காதைக் குத்தும் இயர்போன், அதை இன்னும் ஆழமாகச் செருகிக் கேட்கும் மற்றொருவருக்கு இதமாக இருக்கக்கூடும். இருவர் சொல்வதும் உண்மையே.

ஆய்வுக்கூட அளவீடுகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) 1981-இல் வெளியிட்ட 60711 தரநிலைப்படி அமைந்த செயற்கைக் காதில் எடுத்த வரைபடங்களில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே கூர்மையான மேடு ஒன்று அடிக்கடி தெரியும். அது பெரும்பாலும் செருகிய ஆழத்தின் விளைவு. அந்தச் செயற்கைக் காது 10,000 ஹெர்ட்ஸ் வரைதான் மனிதக் காதை ஒத்திருக்கும் என்பதால், அதற்கு மேலுள்ள ஏற்ற இறக்கங்களை வைத்து ஓர் இயர்போனைப் பழிப்பது நியாயமில்லை.

ஒலியளவைச் சமன் செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒலியளவு குறையும்போது பேஸை உணரும் திறனும் காதுக்குக் குறைகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே, சற்றே கூடுதல் சத்தத்தில் ஒலிக்கும் இயர்போன் எப்போதும் செறிவாகத் தோன்றும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை இரண்டிலும் ஒலிக்கவிட்டு அளவைப் பொருத்திய பிறகு, ஒரே பாடலின் சில நொடிகளை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது. ஒலியின் நுண்ணிய நினைவு அதற்கு மேல் தங்குவதில்லை.

எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பதுதான் நேர்மையான சோதனை. ஆனால் காதில் செருகியதுமே தொடு உணர்வு எது எதென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவின் குழுவினர், ஒரே இயர்போனில் மற்ற இயர்போன்களின் அதிர்வெண் அமைப்பை டிஜிட்டல் முறையில் போலச்செய்து கேட்பவர்களுக்குக் கொடுத்ததால், விலையும் தோற்றமும் பெயரும் தீர்ப்பில் நுழைய முடியாமல் போயின.

உள்ளே எத்தனை ஒலிப்பான்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையோ, புளூடூத்தின் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) எது என்பதோ முனை சரியாக அடைக்காததால் வரும் இழப்பை ஈடுசெய்யாது. அதைவிட இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது பயன்தரும். மோனோவில் (இரு காதுக்கும் ஒரே ஒலியாக) பதிவான குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கினால், வடிவம் இடம்கொடுக்குமானால் இரண்டையும் காது மாற்றிச் செருகிப் பார்க்கலாம். குரலும் பக்கம் மாறினால் குறை கருவியில் இருக்கிறது. அதே பக்கத்திலேயே நின்றால், முதலில் முனையின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டும்.